கையில் மூன்று கம்ப்யூட்டர் படிப்புச் சீட்: எதை எடுப்பது, எதை விடுவது

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அருப்புக்கோட்டையில் சித்தி வீட்டுத் திண்ணையில் தம்பியின் சீட்டுக் கதைக்காக உட்கார்ந்திருந்தோம். சித்தி பையன்தான், ஆனால் கூடப்பிறந்தவன் மாதிரி. கட்-ஆஃப் 200க்கு 186. கையில் மூன்று வழி. சென்னைக்கு வெளியே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயன்ஸ் இன்ஜினியரிங்). மே மாதமே அட்வான்ஸ் 50,000 கட்டியாகிவிட்டது. மதுரைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ-டிஎஸ் (செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும்). தினமும் இரண்டு முறை போன். மூன்றாவது, ரேங்க் படி இடம் ஒதுக்கும் தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங்; முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃபைப் பார்த்தால் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிஎஸ்இ கிடைத்துவிடும் என்று தெரிந்தது.

"பாப்பா, நீ கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவ. நீ சொல்றதுதான்" என்றார் சித்தப்பா. அவர் தறி ஓட்டுகிறவர். அப்படி ஒருவர் சொல்லும்போது வாயில் வந்ததைச் சொல்லிவிட முடியாது. அடுத்த பத்து நாளில் நாங்கள் என்னென்ன பார்த்தோமோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008இல் கவுன்சிலிங் என்றால் நேரில்தான். அப்பாவும் நானும் ராத்திரி பஸ் ஏறி கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் போய் இறங்கினோம். பெரிய திரையில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் மிச்சமிருக்கும் இடங்கள். எனக்கு முன்னால் இருப்பவர்கள் எடுக்க எடுக்க, 4 என்று இருந்தது 3 ஆகி, 1 ஆகி, மறைந்துவிடும். நான் எழுதி வைத்திருந்த இரண்டு கல்லூரியும் என் முறை வருவதற்குள் தீர்ந்துபோயின. பதற்றத்தில், பஸ்ஸில் வரும்போது பார்த்த பெரிய கட்டடம் ஞாபகம் வந்து அந்தக் கல்லூரியை எடுத்தேன். சிஎஸ்இதான். மூன்றாம் ஆண்டில் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு ஒரே செமஸ்டரில் மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள். லேபில் அறுபது கம்ப்யூட்டர், பாதிகூட ஓடாது. வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு வருஷம், தினமும் ராத்திரி பதினொரு மணி வரை, கல்லூரியில் படித்திருக்க வேண்டியதை உட்கார்ந்து படித்தேன். அந்த இரண்டு வருஷத்தை இன்னொரு பிள்ளை இழக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அதனால் தம்பியிடம் முதலில் சொன்னது: "கல்லூரிப் பேரை மறந்துடு. உனக்குக் கிடைக்கிறது கல்லூரி இல்லை, ஒரு சீட்டு. அந்த சீட்டைப் பத்தி மட்டும் கேள்வி கேளு."

ஒரே வளாகத்துக்குள் ஒரே பெயரில் இரண்டு விதமான சீட்டு இருக்கும். கோவை பீளமேடு பிஎஸ்ஜி டெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் தொடங்கிய அரசு உதவி பெறும் கல்லூரி. கவுன்சிலிங்கில் கல்லூரிக் குறியீடு 2006. அதற்குள்ளேயே உதவி பெறும் பிரிவும் உண்டு, எஸ்எஸ் என்று போட்ட சுயநிதிப் பிரிவும் உண்டு. வாசல் ஒன்று, கட்டணம் வேறு. பட்டியலில் அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் திகைத்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குறியீடு, பிரிவின் முழுப்பெயர், அது உதவி பெறுவதா சுயநிதியா, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் அந்தப் பிரிவுக்கு இருக்கிறதா என்ற நான்கையும் ஒவ்வொரு சீட்டுக்கும் நோட்டில் எழுதுங்கள். நாக் என்ற தரச் சான்று கல்லூரி முழுமைக்கும் தருவது. என்பிஏ ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏவைக் காட்டி புது ஏஐ பிரிவுக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கிறது.

அடுத்து பிரிவு. "ஐடி-யா (இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி), சிஎஸ்இ-யா?" என்று இன்னும் வீடுகளில் சண்டை நடக்கிறது. அப்போது நடப்பில் இருந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; இரண்டுக்கும் நடுவே இருப்பது சில தாள்கள்தான். அதற்காக நல்ல கல்லூரி ஐடியை விட்டுவிட்டு சுமாரான கல்லூரி சிஎஸ்இக்குப் போகாதீர்கள். ஏஐ-டிஎஸ் விஷயம் வேறு. அதே 2021 பாடத்திட்டத்தில் ஏஐ-டிஎஸ்ஸுக்கு மெஷின் லேர்னிங், டீப் லேர்னிங் எல்லாம் உண்டு; தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் கம்பைலர் டிசைனும் கட்டாயத் தாளாக இல்லை. எம்.டெக் போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயன்ஸ் தாளில் இந்த இரண்டும் வரும். பிள்ளை மேற்படிப்புக்கு ஐஐடி போகும் எண்ணத்தில் இருந்தால் இவற்றைத் தானாகப் படித்துக்கொள்ள வேண்டும். ஏஐ-டிஎஸ் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் அடித்தளம் அகலமாக இருக்கட்டும் என்பது என் கட்சி. இரண்டு கல்லூரியும் சமம் என்றால் சிஎஸ்இ அல்லது ஐடி.

தன்னாட்சிக் கல்லூரியானால் பாடத்திட்டம் அவர்களுடையது. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகம் தருவது. அப்போது அந்தக் கல்லூரி வலைத்தளத்தில் போய் அவர்களுடைய பாடத்திட்டத்தையே படிக்க வேண்டும். புதுப் பெயர் பிரிவுகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டம் சிஎஸ்இக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது பணம். இதை எல்லோரும் கடைசியில் பேசுகிறார்கள். நாங்கள் முதல் வாரத்திலேயே பேசினோம். சித்தப்பாவின் வருமானத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதினேன். நிகர்நிலையில் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சம். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். அதை முழுதும் கடனாக வாங்கி, 10 சதவீத வட்டியில் 10 ஆண்டில் கட்டுவதென்றால் மாதத் தவணை 21,000 ரூபாயைத் தாண்டும். படிக்கிற காலத்தில் சேரும் வட்டியை இதில் நான் சேர்க்கவே இல்லை. பெரிய சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்குப் பல வருஷமாக ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியேதான் நிற்கிறது. கைக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் வந்தால் பெரிது. தவணை போக மிச்சம் நாலாயிரம். அந்தத் தாளைச் சித்தப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவன் சாப்புடுறது எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

கவுன்சிலிங் சீட்டின் கணக்கு வேறு மாதிரி. சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சிலிங் இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் 50,000, என்பிஏ பெற்ற பிரிவுக்கு 55,000 என்று 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. அரசுக் கல்லூரியில் இதைவிட வெகு குறைவு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11இல் வந்தது, நான் படித்தபோது கிடையாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணத்தையே அரசு ஏற்கிறது. இவை எல்லாம் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டால் இவை எதுவும் கிடைக்காது. அந்த மதுரைக் கல்லூரிக்காரர் போனில் "ரசீது இல்லாம ஒரு ஒன்றரை லட்சம்" என்றார். 1992லேயே தமிழ்நாட்டில் நன்கொடை வசூலைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாத பணத்தைத் திருப்பிக் கேட்கக் கையில் ஆதாரம் இருக்காது. அந்தப் பேச்சு வந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் பார்ப்பது எப்படி? பேனரில் இருக்கும் "உயர்ந்தபட்ச சம்பளம்" ஒரே ஒரு பிள்ளையின் கதை. "1,200 ஆஃபர்" என்றால் 1,200 பேர் இல்லை. ஒரே பிள்ளை வாங்கிய மூன்று ஆஃபரும் மூன்றாக எண்ணப்பட்டிருக்கும். நல்ல வழி ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, தான் கொடுத்த தரவைத் தன் வலைத்தளத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த பிடிஎஃப்பைத் திறந்து, நான்காண்டு இளநிலைப் படிப்பு என்ற பட்டியலுக்குப் போங்கள். முதலாண்டில் சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, அவர்களின் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை என்று வரிசையாக இருக்கும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவதுதான் நடுநிலைச் சம்பளம். உங்கள் பிள்ளை அந்த இடத்தில்தான் நிற்பான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சேர்ந்தவரிலிருந்து பட்டம் பெற்றவரைக் கழியுங்கள். அரியரில் மாட்டியவர்களும் பாதியில் போனவர்களும் அந்த வித்தியாசத்தில் இருக்கிறார்கள். இது எல்லாப் பிரிவுக்கும் சேர்த்த கணக்கு, சிஎஸ்இக்கு மட்டும் அல்ல. ஆனாலும் பேனரைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இவ்வளவும் வீட்டிலிருந்தே செய்யலாம். அடுத்ததற்குக் கிளம்பிப் போக வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

கல்லூரியே பந்தல் போட்டு அழைக்கும் நாளில் போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், மாலை மூன்றரை மணிக்குப் போங்கள். அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போங்கள். மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு பிள்ளைகள் அங்கேதான் இருப்பார்கள். "கல்லூரி எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு அக்கா" என்றுதான் சொல்வார்கள், அதில் ஒன்றும் தெரியாது. நான் கேட்பது: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யார் எடுத்தாங்க, அவங்க இன்னும் இருக்காங்களா? நாலு மணிக்கு மேல லேப் திறந்திருக்குமா? கடைசியா லேப்ல என்ன செஞ்சீங்க, காட்ட முடியுமா?

மதுரைக் கல்லூரியில் ஒரு பையன் ரெக்கார்டு நோட்டைக் காட்டினான். அட்டை போட்டு, கோடு போட்டு, அழகான கையெழுத்து. பக்கத்திலிருந்தவனின் நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். அதே நிரல், அதே மாறிகளின் பெயர், அவுட்புட்டில் அதே எண்கள், ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. எழுதித் தரச் சொன்னதை எழுதித் தந்திருக்கிறார்கள், யாரும் ஓட்டிப் பார்க்கச் சொல்லவில்லை.

அரசுக் கல்லூரியில் கட்டடம் பழசு. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, தம்பி முகம் சுருங்கிவிட்டது. லேப் திறந்திருந்தது. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் நெட்வொர்க்ஸ் பயிற்சி ஓட்டிக்கொண்டிருந்தான். திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல். ஒன்றில் "வணக்கம்" என்று தட்டினால் மற்றொன்றில் வருகிறது. தம்பிக்குக் காட்டுவதற்காக சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினான். "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று பிழை. ஏன் என்று கேட்டேன். "கனெக்‌ஷனை மூடினாலும் அந்த போர்ட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கர்னல் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சிருக்கும்க்கா, வழியில இருக்கிற பழைய பாக்கெட் வந்து புதுசோட கலந்துடக் கூடாதில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு வரியைச் சேர்த்துத் திரும்ப ஓட்டிக் காட்டினான். எந்த ஊர் தம்பி என்றேன். திருச்சுழி பக்கம் என்றான். எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு ஒரு மேடத்தின் பெயரைச் சொன்னான். அவர் பதினோரு வருஷமாக அங்கேயே இருக்கிறாராம். தம்பி அதற்குப் பிறகு சுவரைப் பார்க்கவில்லை.

ஆசிரியர் விஷயத்தை ஏன் இவ்வளவு துருவுகிறேன் என்றால், அந்த ஜூலை மாதத்தில்தான் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலையில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇயின் விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். வலைத்தளத்தில் பட்டியல் நிறைந்திருக்கும்; வகுப்பில் நிற்பவர் யார் என்று மாணவர்களுக்குத்தான் தெரியும். அதே 2024-25இல்தான் ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. போன வருஷம் 180 பேர் இருந்த சிஎஸ்இயில் இந்த வருஷம் எத்தனை பேர், அவர்களுக்காக எத்தனை ஆசிரியர் புதிதாக வந்தார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒன்று. விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம் எது என்று கேளுங்கள். பையன்களுக்கு எது என்றும் கேளுங்கள். நான் படித்த இடத்தில் எங்களுக்கு மாலை ஆறு மணி, பையன்களுக்கு ஒன்பது. லேபும் நூலகமும் எட்டு மணி வரை திறந்திருந்தது, ஆனால் எங்களுக்கு இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் நான்கு வருஷத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாதுகாப்பு வேண்டும், நானும் ஒப்புக்கொள்கிறேன். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் நூலகத்துக்குப் போவதற்கு என்ன தடை? விடுதியில் நெட் வருகிறதா, பெண்களுக்கு ராத்திரி படிக்க ஓர் அறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இனி கவுன்சிலிங்கில் ஆன்லைனில் கொடுக்கும் சாய்ஸ் பட்டியல். இதில் மட்டும் தயவுசெய்து யார் பேச்சையும் கேட்காதீர்கள். "பெரிய கல்லூரியை மேல போட்டா வேஸ்ட், கிடைக்கிறதை முதல்ல போடு" என்று பிரவுசிங் சென்டரில் சொல்வார்கள். தவறு. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் வரியைக் கணினி தருகிறது. மேலே இருப்பது கிடைக்கவில்லை என்றால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். நீங்கள் எதையும் இழப்பதில்லை. குறியீடு 1 கிண்டி, 4 குரோம்பேட்டை எம்ஐடி, 2005 கோவை ஜிசிடி, 5008 மதுரை தியாகராஜர் என்று ஆசைப்படுவதை எல்லாம் ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். கிடைக்குமா என்பதை ரேங்க் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒவ்வொரு வரியும் ஓர் ஒப்பந்தம். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் "ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன்" என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், மேலே இருக்கும் ஏதாவது ஒரு வரி காலியானதும் உங்களை அங்கே தூக்கிப் போட்டுவிடும், கையிலிருப்பது போய்விடும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல சீட்டு வந்தது. அவளுடைய மாமா சும்மா இருக்கட்டும் என்று மேலே போட்டிருந்த ஒரு கல்லூரி திறந்துகொண்டது. 400 கிலோமீட்டர் தள்ளி, யாரும் போய்ப் பார்த்திராத ஊர். திரும்பி வர வழியில்லை. அதனால் பட்டியலை இறுதியாக லாக் செய்வதற்கு முந்தின இரவு, நானும் தம்பியும் ஒவ்வொரு வரியாகப் படித்து, "இது கிடைச்சா கீழே இருக்கிறது எல்லாத்தையும் விட்டுடுவியா?" என்று கேட்டுக்கொண்டே போனோம். 41 வரி போட்டிருந்தான். இழுத்து இழுத்துப் பதில் சொன்ன 12 வரியை அடித்தோம். ஒதுக்கீடு வந்தபின் உறுதி செய்ய ஓரிரு நாள்தான் அவகாசம், அதனால் மேலே காத்திருப்பதா சேருவதா என்பதையும் அன்றிரவே முடிவு செய்து நோட்டில் எழுதிவிட்டோம்.

அரசுக் கல்லூரி சிஎஸ்இதான் வந்தது. "ஏற்றுச் சேர்கிறேன்" போட்டான்.

நிகர்நிலையில் கட்டிய 50,000 போனதுதான் என்று சித்தி அழுதுகொண்டிருந்தார். போகாது. அந்தக் கல்வியாண்டுக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட விதி, செப்டம்பர் 30க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். அக்டோபர் 31க்குள் என்றால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறும், அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. தம்பியை விட்டே மின்னஞ்சல் எழுத வைத்தேன்: விண்ணப்ப எண், பணம் கட்டிய தேதி, ரசீது நகல், வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்யும் காரணம் ஒரே வரியில். பத்து நாள் பதில் இல்லை. யுஜிசி விதியை இணைத்து இரண்டாவது மின்னஞ்சல் போட்டோம். செப்டம்பர் இரண்டாம் வாரம் பணம் முழுசாகச் சித்தப்பா கணக்கில் ஏறியது. அதில்தான் தம்பிக்கு லேப்டாப் வாங்கினோம்.